சமூகப் பணிக் கல்வியும் பொதுச் சேவையும்

கொல்லிமலைச் சங்கங்களின் கணக்குகளையும் நடவடிக்கைகளையும் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், அலுவல் முடிந்து பதிவேடுகளைக் கட்டி வைத்த பின்னர், அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. பயிர்க் கடன் எப்போது, உரம் எப்போது என்பனவற்றை அடுத்து, "பெண் பி.ஏ. முடித்துவிட்டாள், பையன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டான், மேற்கொண்டு என்ன படிக்க வைக்கலாம்?" என்பதே அக்கேள்வி. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கிக் கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறையினரின் பெற்றோர்கள் இவர்கள். மிளகு விற்ற பணமும் மரவள்ளி விற்ற பணமும் இக்கல்விக்குச் சென்றுள்ளன. தவறான மறுமொழி சொன்னால் ஒரு குடும்பத்தின் இரண்டாண்டு வருமானம் வீணாகும். ஆகையால் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற எண்ணுகிறோம்.

ஆசிரியர் பயிற்சி, சட்டம், தேர்வாணையத் தேர்வுகளுக்கான தனிப் பயிற்சி ஆகியவை எல்லோரும் அறிந்த வழிகள். மலையிலும் மலையடிவாரத்து நெசவாளர் தெருக்களிலும் பலரும் அறியாத வழி ஒன்று உண்டு. அது சமூகப் பணி முதுகலைப் படிப்பு, எம்.எஸ்.டபிள்யூ. என்று சுருக்கமாக வழங்குவது. படிப்புக் காலம் இரண்டாண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். பெயரைக் கேட்டவுடன் பலர் அன்னதானம், இரத்ததானம், வெள்ள நிவாரணம் ஆகியவற்றை நினைத்துக்கொள்கின்றனர். அவை நற்செயல்களே, ஆயினும் அவற்றுக்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. இப்படிப்பு வேறு.

நூலுக்குக் கஞ்சி போடவும் பாவு ஓட்டவும் பயிற்சி வேண்டும் என்பதை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நல்ல மனம் இருந்தால் மட்டும் இழை அறாமல் நிற்காது. ஆனால் மக்களின் துன்பத்தைத் தீர்க்கும் வேலைக்கு நல்ல மனம் ஒன்றே போதும் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அதற்கும் முறையும் பயிற்சியும் உண்டு என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன், சிக்காகோ போன்ற ஆலை நகரங்களின் ஏழைத் தெருக்களில் உருவாயிற்று. நம் நாட்டில் 1936ஆம் ஆண்டு பம்பாயில் ஸர் தோராப்ஜி டாடா பெயரால் இதற்கென முதற் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. இன்று டாடா சமூக அறிவியல் கழகம் என வழங்குவது அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப் பணிக் கல்லூரி தோன்றிற்று.

அவ்வாண்டிலேயே அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பெற்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளிலும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முந்நூறு பேருக்குக் குறையாத தோட்டங்களிலும் நல அலுவலர் ஒருவரை வைக்கவேண்டும் என்று முன்னரே விதித்திருந்தன. 1958இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. சிறைக்கு அனுப்பாமல் திருத்தத்தக்கவரை நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் பார்வையில் விட்டு வைக்கலாம் என்றாயிற்று. இவ்வாறு ஒவ்வொரு சட்டமும், மக்களை அறிந்து அவர்களோடு பழகத் தெரிந்த உத்தியோகஸ்தரை வேண்டி நின்றது.

இக்கல்வி எதைக் கற்பிக்கிறது என்பதை, நம் அங்கத்தினர்கள் நன்கறிந்த தவணை தவறிய கடனைக் கொண்டே விளக்குவோம். மலைமீது ஒரு குடியானவர் சங்கக் கடனைக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அசலும் வட்டியும் அபராத வட்டியும் சிவப்பு மையில் நிற்கின்றன. கூட்டுறவுப் பயிற்சி பெற்ற உத்தியோகஸ்தர் அதைக் கண்டு அறிவிப்பு அனுப்புவார். மீண்டும் அனுப்புவார். பின்னர் சட்டப்படி மேல் நடவடிக்கைக்கு எழுதுவார். இவை அனைத்தும் அவர் கடமை, குறை கூறுவதற்கில்லை.

சமூகப் பணி கற்றவர் அதே கடமையைச் செய்வதற்கு முன் அம்மனிதரின் வீட்டுக்குச் செல்வார். மரவள்ளிக் கிழங்கை ஆலைக்காரர் எடைக்கு மட்டுமன்றி மாவுச் சத்தின் அளவைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்த்தே விலை போடுகிறார்; மழை தப்பிய ஆண்டில் பாயிண்ட் இறங்கியிருக்கலாம். மிளகுக் கொடி பூ விடும்போதே கீழ்நாட்டு வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், காய் பழுக்கும்போது அது அவர் பொருளாக இராது. மனைவியை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ வைத்தியத்துக்குக் கொண்டு போயிருக்கலாம். குடிப் பழக்கமும் காரணமாகலாம். அல்லது பணம் கையில் இருந்தும் கட்டாதவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களும் உண்டு என்பதை மறைப்பானேன்? இந்த ஐந்துக்கும் பதிவேட்டில் ஒரே சிவப்பு மைதான். ஆனால் மருந்து ஐந்தும் வேறு. முதலாமவருக்குத் தவணை மாற்றம் வேண்டும். இரண்டாமவருக்குச் சங்கமே விளைபொருளை ஈடாகக் கொண்டு கடன் தந்து வியாபாரியின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும். மூன்றாமவருக்கு அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். நான்காமவருடைய மனைவியோடும் ஊர்க்கவுண்டரோடும் பேசியாக வேண்டும். ஐந்தாமவருக்கு மட்டுமே நாம் முன்னர்ச் சொன்ன அறிவிப்பு உடனே பயன்படும்.

ஒருவரைத் தனித்தனியே அறிந்து, அவர் தம் காலில் நிற்பதற்கு வழி காணும் இம்முறையைத் தனிநபர் பணி என்கிறார்கள். அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917இல் எழுதிய நூல் இதற்கு அடிப்படையிட்டது. நோயாளியை வைத்தியர் ஆராய்வதுபோல் ஒரு குடும்பத்தின் நிலையை ஆராயவேண்டும், ஆராயாமல் உதவி செய்வதும் தவறு, தண்டிப்பதும் தவறு என்பது அவர் கொள்கை. இதனைக் கூறும்போது, கடனை வசூலிக்காமல் விட்டுவிடச் சொல்கிறோம் என்று நிர்வாகக் குழுவினர் எவரும் கொள்ள வேண்டாம். காரணம் அறிந்து சென்றவருக்கே வசூல் ஆகிறது என்பது நம் அனுபவம்.

குழுப் பணி என்பது இப்படிப்பின் மற்றொரு பகுதி. பதினைந்து பேர் கூடினால் ஏன் இருவர் மட்டும் பேசுகிறார்கள், பேசாதவர் எப்போது பிரிந்து போவார், தலைமை ஒருவர் கையிலேயே தங்கிவிட்டால் என்ன நேரும் என்பனவற்றை இது ஆராய்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசாங்கத் திட்டமாகத் தொடங்கி இன்று ஊர்தோறும் பரவியுள்ளன. அவற்றுள் நிலைத்தவை எவை, சிதறியவை எவை என்று பார்த்தால், பணத்தைவிடக் கூட்டம் நடத்தும் முறையே பெரிதும் காரணமாயிருப்பதைக் காணலாம். நெசவாளர் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். அதனை இங்கு விரிக்கவில்லை.

ஊர் முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு செய்யும் பணிக்குச் சமுதாய அமைப்பு என்று பெயர். இதற்குக் கொல்லிமலையிலேயே நல்ல உதாரணம் உள்ளது. சாமையும் தினையும் கேழ்வரகும் வரகும் விளைந்த இம்மலையில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவள்ளி புகுந்தது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் அதற்குச் சந்தை தந்தன. ஆலைக்காரர்களே 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனம் அமைத்துத் தங்கள் பொருளை விற்றுக்கொண்டதையும் அங்கத்தினர்கள் அறிவார்கள். மலையில் சிறுதானியம் குன்றிற்று. காரணம் விலைதான் என்று எளிதாகக் கூறிவிடலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் இங்கு வந்து வீடு வீடாக ஆராய்ந்தபோது மற்றொரு காரணமும் வெளிப்பட்டது. சாமையின் உமியை நீக்குவது மிகக் கடினமான வேலை. உரலில் இட்டு மணிக்கணக்காகக் குத்தவேண்டும். குத்துபவர்கள் பெண்கள். நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தவுடன் பெண்கள் உரலை விட்டனர். உரலோடு சாமையும் போயிற்று.

இது வேளாண் புள்ளி விவரத்தில் தென்படாத செய்தி. அடுப்படியில் உட்கார்ந்து பெண்களிடம் கேட்டவருக்கே கிடைக்கும். கேட்டதன் பயனாக, உமி நீக்கும் இயந்திரங்கள் மலையூர்களுக்கு வந்தன. அவற்றைச் சுய உதவிக் குழுக்களே நடத்தின. விதைகளைச் சேர்த்து வைக்கும் ஊர் விதை வங்கிகளும், தானியத்தை மாவாகவும் சிற்றுண்டிக் கலவையாகவும் ஆக்கி விற்கும் ஏற்பாடும், இக்குழுக்களின் கூட்டமைப்பும் பின்னர் உண்டாயின. மரவள்ளி மலையை விட்டுப் போய்விடவில்லை, போகவும் வேண்டியதில்லை. ஆயினும் ஒரு பயிரின் கதை உண்மையில் ஒரு பெண்ணின் தோள்வலியின் கதை என்று கண்டறிவதே சமூகப் பணிக் கல்வி புகட்டும் பார்வை. அப்பணியில் வேளாண் விஞ்ஞானிகளும் பிறரும் ஈடுபட்டிருந்தனர் என்பதும், இப்பார்வை ஒரு பட்டத்துக்கு மட்டும் சொந்தமன்று என்பதும் உண்மையே. ஆனால் பிறர் தற்செயலாகக் கற்பதை இங்கு ஒழுங்காகக் கற்பிக்கிறார்கள்.

ஒழுங்காக என்பதற்குக் காரணம் களப்பணி. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாட்கள் மாணவர் வகுப்பில் இருப்பதில்லை. மருத்துவமனை, சிறை, குழந்தைகள் இல்லம், ஊராட்சி, தொழிற்சாலை ஆகியவற்றுள் ஒன்றில் வேலை செய்கிறார். செய்ததை அன்றே எழுத வேண்டும். யாரிடம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், நாம் ஏன் அதை நம்பினோம் அல்லது நம்பவில்லை என்று எழுதி ஆசிரியரிடம் கொடுத்து, அவரோடு உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். இதனுடன் கிராம முகாமும், படிப்பின் முடிவில் ஒரு மாத அளவில் தொடர்ந்த களப் பயிற்சியும், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் உண்டு. பாடப் புத்தகம் மறந்துபோகும். கேட்டதைக் கேட்டபடியே எழுதும் பழக்கம் மறக்காது.

இப்பழக்கம் அரசாங்கப் பணியில் எத்துணைப் பயன்படும் என்பதை நம் துறையைக் கொண்டே கூறலாம். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணை, 82ஆம் பிரிவில் ஆய்வு, 87ஆம் பிரிவில் தண்டத் தீர்வை ஆகியவை கூறப்பட்டுள்ளன. இவற்றின்படி வாக்குமூலம் வாங்குவது நம்மனோரின் அன்றாட வேலை. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரிடம் மிரட்டாமல் வாக்குமூலம் வாங்குவதற்கும், அவர் அஞ்சிச் சொன்னதையும் உள்ளதைச் சொன்னதையும் பிரித்தறிவதற்கும் சட்டப் புத்தகம் உதவுவதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் இதே நிலை. மனுவைக் கிராம சபை கூடி ஆராயவேண்டும் என்கிறது சட்டம். கிராம சபையை உண்மையிலேயே கூட்டிப் பேசவைக்கத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் அச்சட்டம் காகிதத்தில் நிற்கும்.

பெரிய உதாரணங்களும் உள்ளன. பிரான்சஸ் பெர்கின்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் சிக்காகோவில் ஏழைகளிடையே அமைந்த ஹல் இல்லத்தில் பணி கற்று, நியூயார்க்கில் 1910இல் முதுகலைப் பட்டம் பெற்றார். ஏழைப் பிள்ளைகளின் சத்துக் குறைவைப் பற்றி அவர் ஆராய்ந்திருந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நகரின் தையல் ஆலை ஒன்று தீப்பற்றிற்று. வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். மாடியிலிருந்து அவர்கள் குதித்ததைப் பெர்கின்ஸ் தெருவில் நின்று கண்டார். பின்னர் தொழிற்சாலைகளை ஆராய்ந்த குழுக்களில் உழைத்து, 1933இல் நாட்டின் தொழிலாளர் அமைச்சரானார். அந்நாட்டு மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. முதியோருக்கும் வேலையற்றோருக்கும் வருவாய் தரும் 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவர் பெருமுயற்சியால் வந்தது. இங்கிலாந்தின் அட்லி இலண்டன் கிழக்குப் பகுதியில் ஏழைச் சிறுவர்களின் மன்றத்தை நடத்தி, அதன்பின் பல்கலைக்கழகத்தில் சமூக நிர்வாகம் கற்பித்தவர். 1920இல் சமூகப் பணியாளரைப் பற்றியே ஒரு நூலும் எழுதினார். 1945 முதல் 1951 வரை அவர் பிரதமராயிருந்த காலத்தில்தான் அந்நாட்டில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது. நம் நாடு விடுதலை பெற்றதும் அப்போதே.

நம்மவரில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரைக் கூறவேண்டும். அவர் கற்றது மருத்துவம். இளமையில் விதவையானவர், தில்லி சென்று டாக்டர் பட்டம் பெற்றார். கணவர் ஜி. இராமச்சந்திரனோடு 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சட்டமன்றத்திலும், 1962 முதல் நாடாளுமன்றத்திலும் அமர்ந்து மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார். அவர்கள் தொடங்கிய கிராமியக் கல்விக்கூடம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கூட்டுறவுப் படிப்பும் அங்குண்டு. ஊரில் பணி செய்தவர் சட்டமன்றம் செல்வது ஒரு வகை. அங்கு சென்ற பின்னும் ஊரை மறவாதிருப்பது வேறு வகை. இரண்டாவது அரிது.

இனி உத்தியோகங்களைப் பற்றிக் கூறுவோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்கள், நன்னடத்தை அலுவலர் பணி, அரசாங்க மருத்துவமனைகளிலும் 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திலும் உள்ள சமூகப் பணியாளர் இடங்கள், ஊரக வாழ்வாதாரத் திட்டங்கள், ஆலைகளின் தொழிலாளர் நலப் பகுதி ஆகியவற்றில் இப்பட்டத்துக்கு இடமுண்டு. தறிக்கு முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், அப்பிள்ளையைத் தேடி வரவேண்டியவர் இவ்வகை அலுவலரே.

மறைக்காமல் கூறவேண்டியவையும் உள. இப்பட்டம் பெற்றவுடன் அரசாங்க வேலை நிச்சயம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மேற்சொன்ன இடங்களுள் பல ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுபவை. சம்பளம் குறைவு, ஓய்வூதியம் இல்லை. தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளுக்கு எப்பட்டமும் போதும். இதற்கென்று தனிச் சலுகை பொதுவாக இல்லை. மத்தியக் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் சமூகவியலும் மானிடவியலும் பொது நிர்வாகமும் உண்டு, சமூகப் பணி இல்லை. ஆகவே தேர்வு எழுதுவதையே நோக்கமாகக் கொண்டவர் அதற்கு நேராகப் படிப்பதே நலம். துணைப் பதிவாளராகவோ துணை ஆட்சியராகவோ ஆனபின் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதில்தான் இக்கல்வி தன் பயனைக் காட்டும். மலைவாழ் மாணவர்க்கு மேற்படிப்பு உதவித் தொகை உண்டு. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் முன்னதாகவே பெற்று வைத்திருக்க வேண்டும். நிலத்தை ஒத்திக்கு வைத்து இப்படிப்புக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை என்பதே நம் துணிபு.

சேரும் கல்லூரியை ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டும். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் பிஷப் ஹீபர் கல்லூரியிலும், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும், மதுரையிலும் சென்னையிலும் இப்படிப்பு உண்டு. எங்கு சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, மாணவர் எழுதும் குறிப்பை ஆசிரியர் படிக்கிறாரா, எந்த ஸ்தாபனங்களுக்கு அனுப்புகிறார்கள் என்று முன்னமே படித்து வெளிவந்தவரிடம் கேட்கவேண்டும். களப்பணி பெயரளவில் நடக்கும் இடத்தில் கிடைப்பது காகிதம் மட்டுமே.

மலைப் பிள்ளைகள் இதில் சேர்வதை நாம் ஏன் பெரிதும் விரும்புகிறோம் என்றும் கேட்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லும் மலையாளிப் பெருமக்கள், நாடு நாடாகப் பிரிந்து தமக்கென முறைமையும் பஞ்சாயத்தும் உடையவர்கள். கீழிருந்து வரும் உத்தியோகஸ்தர், எந்த நாட்டில் யாரிடம் முதலில் பேசவேண்டும் என்று கற்பதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. வளப்பூர் நாட்டிலோ சேலூர் நாட்டிலோ பிறந்த பெண்ணுக்கு அது பிறப்பிலேயே தெரியும். அவளுக்குத் தெரியாதது, தெரிந்ததை அலுவலக மொழியில் எழுதிக் கோப்பில் நிற்கவைக்கும் வித்தை. அதை இரண்டாண்டில் கற்கலாம். நாமோ முறைமையை இரண்டாண்டில் கற்க இயலாது.

சங்கங்கள் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ராக்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகளுள் பலர் நெசவாளர்கள். அவர்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கி வாசகசாலை நடத்தினார்கள். நாம் பணம் கூட ஒதுக்க வேண்டியதில்லை. கல்லூரிகள் தம் மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்ப நல்ல ஸ்தாபனங்களைத் தேடுகின்றன. மலைவாழ் மக்கள் பலநோக்குச் சங்கமும் நெசவாளர் சங்கமும் அத்தகைய ஸ்தாபனமாக இருக்க இசைவு தெரிவித்துக் கடிதம் எழுதலாம். மாணவருக்குத் தங்க ஓர் அறை, பார்வையிடக் கூட்ட நடவடிக்கைப் புத்தகம், உடன் செல்ல ஒரு பணியாளர் ஆகிய மூன்றும் போதும். அங்கத்தினரின் தனிக் கணக்குகளை அவரவர் இசைவின்றிக் காட்டலாகாது. கைம்மாறாக, தவணை தவறிய குடும்பங்களின் உண்மை நிலையைக் குறித்த அறிக்கை ஒன்றைச் சங்கத்துக்குத் தரவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கல்வியாண்டு தொடங்கும் முன் எழுதினால்தான் அவ்வாண்டு மாணவர் வருவர். அதற்குரிய தீர்மானத்தை நிர்வாகக் குழு அதற்கு முந்திய கூட்டத்திலேயே நிறைவேற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.